கறையா, காரையா?

பல் கறையைப் பற்றி எழுதும் வாசகர்கள் பலர் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள்: ‘டாக்டரிடம் போ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.’ அந்தக் கடிதங்களில் சிலவற்றுக்கு நம் பல் மருத்துவக் குழுவின் பதில்கள் இங்கே.

வயது 34. ஒரு நாளைக்கு நாலைந்து காபி. முன்பற்கள் மஞ்சள், கீழ் வரிசையின் உள்பக்கம் கரும்பழுப்பு. பல் டாக்டரின் நாற்காலியைப் பார்த்தாலே கை நடுங்கும். வீட்டிலேயே இதைப் போக்க முடியுமா?
*வாசகி, திண்டுக்கல்*

எதையும் தேய்ப்பதற்கு முன்னால் உங்கள் பல்லில் இருப்பது என்ன என்று பார்த்துவிடுங்கள். காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று, உதட்டை இழுத்துப் பிடித்து, சுத்தமான பருத்தித் துணியால் பல்லைத் துடைத்து உலர்த்துங்கள். ஈரப் பல் பளபளக்கும், அதில் பாதி விஷயம் தெரியாது. கீழ்ப் பல்லின் உள்பக்கத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் போதும். பிறகு விரல் நகத்தை ஈறு ஓரத்திலிருந்து பல் நுனிவரை மெதுவாக ஓட்டுங்கள்.

நகம் வழுக்கிக்கொண்டு போகிறது, பழுப்பு நிறம் பல் இடுக்கிலும் ஓரத்திலும் மட்டும் இருக்கிறது என்றால் அது மேல்கறை. காபி, டீயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் பல்லின் மேல் உள்ள மெல்லிய எச்சில் படலத்தில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஈறு ஓரத்தில் திண்ணை மாதிரி ஒரு மேடு, நகம் அங்கே தட்டி நிற்கிறது என்றால் அது காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு. நகமும் வழுக்குகிறது, பல் முழுக்க ஒரே சீரான மஞ்சள் என்றால் அது பல்லின் சொந்த நிறம். வயது ஏற ஏற பல்லின் மேல் அடுக்கான எனாமல் மெலிந்து, அடியில் இருக்கும் மஞ்சளான டென்டின் தெரிய ஆரம்பிக்கும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முன்பக்கம் மேல்கறை, கீழ் உள்பக்கம் பெரும்பாலும் காபி ஏறிய காரை. நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் குழாய்கள் அந்தப் பற்களுக்கு நேர் பின்னால்தான் திறக்கின்றன. பிரஷ் படாத அழுக்குப் படலத்தில் எச்சிலின் சுண்ணாம்புச் சத்து ஏறி ஓரிரு நாளிலேயே இறுக ஆரம்பிக்கும். இரண்டு வாரத்தில் கல்லாகிவிடும். கல்லான பிறகு பேஸ்ட், சோடா, எண்ணெய் எதற்கும் அது அசையாது. ஊக்கு, ஹேர்பின், ஆன்லைனில் கிடைக்கும் இரும்புக் கொக்கி எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். கொக்கி வழுக்கினால் ஈறு கிழியும். வழுக்காவிட்டாலும் மேலே இருக்கும் துண்டு உடைந்து, ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே தங்கும். வெளியில் பார்க்கச் சுத்தமாகவும் உள்ளே சீழ் கட்டவும் அதுவே வழி.

முன்பக்கத்துக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது சமையல் சோடா. ஆப்பத்துக்குப் போடுகிறோமே, அதுதான். பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். சலவை சோடாவைத் தவறியும் தொடாதீர்கள், வாய் வெந்துவிடும். கால் டீஸ்பூன் சோடாவை உள்ளங்கையில் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். மென்மையான பிரஷில் தொட்டு, கறை இருக்கும் பற்களில் மட்டும் ஒரு நிமிடம், சின்னச் சின்ன வட்டமாக. துப்பிவிட்டு நன்றாகக் கொப்பளியுங்கள். வாரத்தில் இரண்டு நாள், அதிகபட்சம் நாலு வாரம். எனாமலைவிடச் சோடா ரொம்ப மிருதுவானது, தண்ணீரிலும் கரைந்துவிடும். அதனால் கீறாமல் கறையை மட்டும் எடுக்கும். ஆனால் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு அதில் கிடையாது. எனவே தினசரி பேஸ்டுக்குப் பதிலாக அது ஆகாது. காலை, இரவு இரண்டு வேளையும் வழக்கமான ஃபுளோரைடு பேஸ்ட் தொடரட்டும்.

நாலு வாரத்தில் போகாதது நாற்பது வாரத்திலும் போகாது. அது மேல்கறை இல்லை என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள்.

சோடாவைவிடத் தேய்க்கும் விதத்துக்குத்தான் பலன் அதிகம். பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வையுங்கள், பாதி மயிர் ஈறில், பாதி பல்லில். இரண்டு மூன்று பல்லுக்கு ஒரு இடம் என்று நிறுத்தி, அதே இடத்தில் லேசாக அதிரவிட்டுப் பிறகு நகருங்கள். மொத்தம் இரண்டு நிமிடம். கீழ் முன்பல்லின் உள்பக்கத்துக்கு பிரஷைச் செங்குத்தாகப் பிடித்து, நுனி மயிரால் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். காரை திரும்பத் திரும்ப அங்கே கட்டுவது அந்த இடத்தை எல்லோரும் விட்டுவிடுவதால்தான். வாங்கி மூன்று மாதம் ஆகும் முன்பே பிரஷ் மயிர் விரிந்துபோகிறது என்றால் கை அழுத்தம் அதிகம்.

காபியை விடச் சொல்லப் போவதில்லை. ஒரு டம்ளரை ஒரு மணி நேரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சாமல், பத்து நிமிடத்தில் குடித்து முடித்து, ஒரு வாய்த் தண்ணீரில் கொப்பளித்துவிடுங்கள். பாலில்லாத டீ, கறுப்புக் காபியைவிடப் பால் சேர்த்தவை குறைவாகக் கறை ஏற்றும். பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும்.

எலுமிச்சைச் சாறும் சோடாவும் கலந்து தேய்த்தால் ஒரே நாளில் வெள்ளை என்று ஒரு வீடியோ. தேய்த்தேன், வெளுத்தது உண்மை. இப்போது தண்ணீர் பட்டாலே கூசுகிறது.
*வாசகர், கரூர்*

எனாமல் கரைய ஆரம்பிக்கும் அமில அளவு சுமார் 5.5 பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). எலுமிச்சைச் சாறு 2-க்கும் 2.5-க்கும் நடுவில். சோடா போட்டதும் பொங்குவது இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதுதான். கண் அளவில் கலக்கும்போது சாறு மிஞ்சினால் மிஞ்சியது பல்லை அரிக்கும். மிருதுவான எனாமலின் மேல் உடனே பிரஷும் ஓடினால் தேய்மானம் இரட்டிப்பு. நீங்கள் பார்த்த வெள்ளை, மேல்தோல் உரிந்து சொரசொரப்பானதன் வெள்ளை. அந்தச் சொரசொரப்பில் அடுத்த டீக்கறை முன்பைவிடச் சீக்கிரம் ஏறும்.

இனி அதைத் தொடாதீர்கள். 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சத்துக்கான பேஸ்ட் வாங்கி, இரண்டு வேளையும் தேய்த்து, துப்பிய பிறகு தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விடுங்கள். பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். இரண்டு நாளில் கூச்சம் போகவில்லையே என்று பலர் பேஸ்டை மாற்றிவிடுகிறார்கள், அதனால்தான் எதுவுமே வேலை செய்யாத மாதிரி தோன்றும். எலுமிச்சை ஜூஸ், புளிப்பான பழம், வாந்தி எதற்குப் பிறகும் பல் தேய்க்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள்.

தாத்தா உமிக்கரியும் உப்பும் வைத்துத்தான் தேய்த்தார், கடைசிவரை பல் விழவில்லை. இப்போது கரிப் பேஸ்ட் என்று காசுக்கு விற்கிறார்கள். கரி நல்லதா, இல்லையா?
*வாசகர், தஞ்சாவூர்*

உமியில் சிலிக்கா அதிகம். எரித்த பிறகும் அது அப்படியே கரியில் இருக்கும். எனாமலைக் கீறும் அளவுக்குக் கடினமான பொருள் அது. செங்கல் பொடி, மணல், சாம்பல் எல்லாமே இந்த ரகம். கறை போவது உண்மைதான். கூடவே பல்லும் போகும். முதலில் பல்லின் கழுத்தில், ஈறை ஒட்டி, அரிவாளால் கொத்தியது மாதிரி ஒரு பள்ளம் விழும். எனாமல் தேய்ந்து டென்டின் வெளியே தெரிவதால் பல் முன்பைவிட மஞ்சளாகும். அதைப் பார்த்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். தாத்தாவின் பல் விழாததற்கு அவர் சாப்பாட்டில் சர்க்கரையும் பிஸ்கெட்டும் இல்லாததை முதல் காரணமாகச் சொல்லலாம்.

கடையில் வரும் கரிப் பேஸ்டுகளில் பொடி மென்மையாக இருக்கலாம். ஆனாலும் பல்லை வெளுப்பாக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2017-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு சொன்னது. பல்லில் ஏற்கெனவே விரிசலோ பழைய அடைப்போ இருந்தால் அதன் ஓரத்தில் கரித்தூள் தங்கி, கறுப்புக் கோடு போட்டுவிடும்.

வேப்பங்குச்சி, ஆலங்குச்சியில் இந்த ஆபத்து குறைவு. நுனியை நன்றாக மென்று பஞ்சு போலாக்கி, குறுக்கே அறுக்காமல் மேலும் கீழுமாக ஓட்டினால் சரி. ஆனால் கடைவாயின் உள்பக்கத்துக்குக் குச்சி எட்டாது.

ஈறில் ரத்தம் வந்தது. டாக்டரிடம் போகப் பயந்து, மருந்துக்கடையில் கேட்டு ஒரு மவுத்வாஷ் வாங்கி மூன்று மாதமாகக் கொப்பளிக்கிறேன். ரத்தம் குறைந்தது. ஆனால் பல்லும் நாக்கும் பழுப்பாகிவிட்டன.
*வாசகர், விருதுநகர்*

பாட்டில் லேபிளைப் பாருங்கள். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் என்று இருக்கும். கிருமியை அடக்குவதில் நல்ல மருந்து. ஆனால் டீ, காபியின் நிறத்தைப் பல்லில் பிடித்துவைக்கும் குணமும் அதற்கு உண்டு. அதனால் பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல் எழுதித் தருவதில்லை. இன்றே நிறுத்துங்கள். நாக்கு ஒரு சில வாரத்தில் தானே தெளியும். பல்லில் இளங்கறை முதல் பதிலில் சொன்ன சோடாவுக்குக் குறையும், அழுத்தமானது கிளினிக்கில் பாலிஷ் போட்டால் ஒரே தடவையில் போய்விடும்.

கறையைவிட ரத்தம்தான் இங்கே முக்கியம். மவுத்வாஷ் மேலே இருந்த கிருமியை அடக்கியது, ஈறுக்கு அடியில் இருக்கும் காரையை அது தொடவில்லை. நிறுத்தியதும் ரத்தம் திரும்ப வரும். அதைப் பார்த்து மறுபடி பாட்டிலை எடுக்காமல், கீழே பயத்தைப் பற்றிய பதிலைப் படியுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது, நாற்பது வருட வெற்றிலைப் பழக்கம். பல் எல்லாம் காவி. ‘கிளீன் பண்ணினா பல் ஆடும்டா’ என்று வர மறுக்கிறார். வீட்டில் என்ன செய்யலாம்?
*வாசகர், கும்பகோணம்*

நாற்பது வருடக் காவியில் வீட்டு வைத்தியம் பெரிதாக எதையும் செய்யாது. பாக்கும் சுண்ணாம்பும் காசுக்கட்டியும் சேர்ந்து காரையின் மேல் அடுக்கடுக்காக ஏறியிருக்கும்.

அம்மாவின் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. சுத்தம் செய்த பிறகு பல் ஆடுவதாகப் பலர் உணர்வது நிஜம். பல்லைத் தாங்கும் எலும்பைக் காரை பல வருடங்களாகக் கரைத்துவிட்டிருக்கும். அதே காரை பக்கத்துப் பல்லோடு ஒட்டிக்கொண்டு முட்டுக் கொடுத்தும் நிற்கும். அந்த முட்டு போனதும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றிச் சுருங்குவதால் இடுக்கும் பெரிதாகத் தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். அப்படியே விட்டால் அதே பல் தானாகவே விழும். அம்மாவிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ‘ஒண்ணும் ஆகாதும்மா’ என்று கூட்டிப்போனால் அடுத்த தடவை வரமாட்டார்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று பார்க்க வேண்டும். அம்மா தன் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவில் நுழைத்துப் பார்க்கட்டும். நுழையவில்லை, காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண் என்று எது இருந்தாலும் கறையை மறந்துவிட்டு உடனே காட்டுங்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ‘வெறும் பாக்குதானே’ என்பது சரியில்லை.

தர்மபுரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். முன்பற்களில் பழுப்புப் பட்டை, வெள்ளைத் திட்டு. சிரிக்கவே கூச்சம். தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். என் பையனுக்கு 3 வயது, அவனுக்கும் வருமா?
*வாசகி, பென்னாகரம்*

தேய்ப்பதை நிறுத்துங்கள். இது பல்லின் மேல் ஒட்டிய கறை இல்லை. எனாமல் உருவாகும் வயதில் தண்ணீரில் வந்த அதிக ஃபுளோரைடு, எனாமலுக்கு உள்ளேயே விட்டுப்போன அடையாளம். உங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் இருந்த இந்தப் பிரச்சினைக்காகத்தான் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

இதற்குக் கிளினிக்கில் செய்வது: மேல் எனாமலை மைக்ரான் கணக்கில் அமிலமும் பொடியும் கலந்த பசையால் மெருகேற்றுவது, வெள்ளைத் திட்டுக்குள் ரெசின் என்ற பிசினை இறக்குவது, ஆழமான பழுப்புக்கு மேலே பல் நிறத்தில் பூச்சு வைப்பது. முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஊசியே தேவையில்லை. அமிலம் என்று படித்ததும் கழிவறை கழுவும் ஆசிட்டை நினைத்துவிடாதீர்கள். அங்கே ஈறை ரப்பர் திரை போட்டு மூடி, நொடிக் கணக்கு வைத்துச் செய்கிறார்கள். ரோட்டோரத்தில் ஏதோ திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஐந்து நிமிடத்தில் வெள்ளையாக்கித் தருகிறவர்களிடம் வாயைக் கொடுத்தால் எனாமல் திரும்ப வராது.

பையன் விஷயத்தில் இப்போதுதான் சரியான நேரம். நிலைத்த முன்பற்களின் எனாமல் உருவாகும் வயது இது. மற்ற பற்களுக்கு ஏறக்குறைய 8 வயதுவரை. போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஃபுளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. மிஞ்சினால் குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர், அல்லது ஆர்ஓ. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் கூடத்தான் செய்யும். அவனுடைய பிரஷில் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு கொப்பளித்தால் வெளுக்குமா?
*வாசகர், ஓசூர்*

கொப்பளிக்கும் ஒரு நிமிடத்தில் பல்லுக்குள் ஒன்றும் நடக்காது. மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், பாட்டிலில் 20 வால்யூம் என்றும் போட்டிருக்கும். அதை அப்படியே பஞ்சில் தொட்டுப் பல்லில் வைப்பவர்களுக்கு ஈறு வெந்து வெள்ளையாகும். சொத்தை இருந்தால் வலி உயிர் போகும்.

பல்லின் சொந்த நிறத்தை மாற்றப் பெராக்சைடுதான் மருந்து என்பது சரி. அதைப் பல்லோடு மணிக்கணக்கில் வைத்திருக்க ஒரு உறை வேண்டும். பயந்தவர்களுக்கு இது நல்ல வழியும்கூட. ஒரு நாள் போய்ப் பல்லைக் காட்டி அச்சு மட்டும் கொடுத்துவிட்டால், உங்கள் பல் அளவுக்கு மெல்லிய உறை செய்து தருவார்கள். ஊசியோ குடைவதோ கிடையாது. 10 சதவீதம் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை ஒவ்வொரு பல்லுக்கும் அரிசி அளவு உறைக்குள் வைத்து இரவில் மாட்டிக்கொள்வது, சுமார் இரண்டு வாரம். கூசினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். போடுகிற நாட்களில் சாம்பார், மஞ்சள் தூக்கலான குழம்பு, பீட்ரூட், காபி தள்ளிவைத்துத் தயிர்சாதம், இட்லி, பால் என்று ஓட்டுங்கள். பல்லுக்கு மேல் மாட்டிய கேப் (தொப்பி), சிமென்ட் அடைத்த இடம் வெளுக்காது. பக்கத்துப் பல் வெளுத்து அது மட்டும் தனியாகத் தெரியும். கர்ப்பிணிகளுக்கும் 18 வயதுக்குக் கீழானவர்களுக்கும் வேண்டாம்.

ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாகவோ கறுப்பாகவோ இருந்தால் இந்த ஜெல் எதுவும் போடாதீர்கள். எப்போதோ அடிபட்டு உள்ளே நரம்பு செத்திருக்கலாம், எக்ஸ்ரே பார்க்காமல் தொடக்கூடாது.

சின்ன வயதில் பல் பிடுங்கிய பயம் இன்னும் போகவில்லை. காரையை எடுக்க வேறு வழியில்லை என்றால், நான் எப்படித்தான் போவது?
*வாசகி, திருநெல்வேலி*

முதல் நாள் சுத்தம் செய்யவே போக வேண்டாம். போனில் கேளுங்கள்: ‘எனக்குப் பயம் ஜாஸ்தி. முதல் நாள் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு மட்டும் அனுப்புவீர்களா?’ சரி என்று சொல்லும் இடத்துக்குப் போங்கள். ‘அதெல்லாம் பயப்படக் கூடாதும்மா’ என்று சிரித்தால் வேறு நம்பர் போடுங்கள்.

காலை முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். காத்திருக்கக் காத்திருக்கத்தான் பயம் கூடும். ஒரு மணி நேரம் முன்னால் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றில் மயக்கம் வரும். சளி, மூக்கடைப்பு இருக்கும் நாளில் வேண்டாம், வாயில் தண்ணீர் நிற்கும்போது மூக்கால்தான் மூச்சுவிட வேண்டும்.

காரை எடுக்கும் கருவி பல்லைக் குடையும் கருவி இல்லை. அது சுழலாது. அதன் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காரையை உதிர்க்கிறது, கூடவே தண்ணீர் பீய்ச்சும். பயமுறுத்துவது அந்தச் சத்தம்தான். வாய்க்குள் விடும் முன்னால் அதை உங்கள் கைவிரல் நகத்தில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நகத்தில் ஒரு கிச்சுக்கிச்சு மட்டும் தெரியும். அந்தச் சத்தத்தையே தாங்க முடியாது என்றால் கையால் எடுக்கும் கருவிகளும் இருக்கின்றன, நேரம் கூடும், அவ்வளவுதான். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்திலேயே ஒரு தடவை சும்மா தூக்கிப் பாருங்கள், நிறுத்துகிறாரா என்று. நாற்காலியை முழுதாகச் சாய்க்க வேண்டியதில்லை. கூச்சம் அதிகம் உள்ள இடத்தில் மரத்துப்போகும் ஜெல் தடவச் சொல்லலாம். மொத்த வாயையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை, இன்று கீழ் முன்பற்கள் மட்டும் என்று சொல்லலாம். ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை, இதய வால்வு அறுவை சிகிச்சை, சர்க்கரை, கர்ப்பம் எது இருந்தாலும் உட்காரும் முன் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் முடியாதவர்களுக்குப் பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை தந்து செய்ய முடியும். அதை டாக்டர்தான் எழுத வேண்டும், அன்று துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது. செலவு ஒரு தடை என்றால் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவில் கேளுங்கள், சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

முகம் வீங்கி, கூடவே காய்ச்சலோ விழுங்கச் சிரமமோ வந்தால் மட்டும் இந்தத் திட்டமெல்லாம் பார்க்க நேரமில்லை. அது பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம், ராத்திரியாக இருந்தாலும்.

இரும்புச்சத்து டானிக் கொடுத்த பிறகு குழந்தையின் பால்பற்கள் கறுத்துவிட்டன.
*வாசகி, நாகர்கோவில்*

டானிக்கை நிறுத்தாதீர்கள். கறை மேலாகத்தான் இருக்கும், பல்லுக்குக் கெடுதல் இல்லை. சொட்டு மருந்தானால் ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கம் பின்னால் விடுங்கள். வளர்ந்த குழந்தைக்கு ஸ்ட்ரா. கொடுத்ததும் இரண்டு மடக்குத் தண்ணீர், ராத்திரி பிரஷ். டானிக் முடிந்த பிறகும் ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு நின்றால் அது ஒருவகைக் கிருமியால் வரும் கறையாக இருக்கலாம். பாலிஷ் போட்டால் போகும், சில மாதத்தில் திரும்பவும் வரலாம். கறுத்த இடத்தில் பல் குழிந்திருந்தாலோ நகம் உள்ளே இறங்கினாலோ அது கறை இல்லை, சொத்தை. பால்பல்தானே என்று விடாமல் காட்டுங்கள்.